கொல்கத்தா, நாள் 2: பூச்சந்தையில் தொடங்கி ஆற்றுக்கு அடியில் முடியும் வழி

டிசம்பர் முதல் வாரம், வியாழக்கிழமை

முதல் நாள் ரயிலுக்கும் அறைக்கும் போய்விடும் என்று முந்தைய பகுதியிலேயே சொல்லியாயிற்று. இன்று ஓட்டம் கிடையாது. ஹூக்ளி ஆற்றையும் மெட்ரோவின் நீலத் தடத்தையும் பிடித்துக்கொண்டு போனாலே போதும், இன்றைய இடங்கள் எல்லாம் அந்த இரண்டுக்கும் பக்கத்தில்தான் இருக்கின்றன. விக்டோரியா நினைவு மண்டபத்தை வேண்டுமென்றே இன்றைய கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குத் தனியாக அரை நாள் வேண்டும். இங்கே இடையில் செருகினால் எல்லா இடமும் அவசரமாகிவிடும்.

இந்த ஊரில் தூரத்தைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். பூச்சந்தை ஒன்பது மணிக்கு மேல் அடங்கிப்போகும். திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடல். ஞாயிற்றுக்கிழமை காலேஜ் ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான புத்தகக் கடைகள் மூடல். ஆகவே இந்த வழிக்குச் செவ்வாய் முதல் சனிக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அதைவிட முக்கியம், சூரியன். டிசம்பர் தொடக்கத்தில் கொல்கத்தாவில் மாலை 4:50 வாக்கில் பொழுது சாய்ந்துவிடுகிறது, சென்னையைவிட ஐம்பது நிமிடம் முன்னால். நம் ஊர் நினைப்பில் ஐந்தரைக்கு ஆற்றங்கரைக்குப் போகிறவர்களுக்கு இருட்டுதான் மிச்சம். நாளைப் பின்னாலிருந்து திட்டமிட வேண்டும்: நாலு மணிக்குப் பிரின்செப் காட் (காட் என்றால் படித்துறை), மற்றதெல்லாம் அதற்கு முன்.

விடியலில் 15 டிகிரி வாக்கில் குளிர் இருக்கும். ஒரு ஸ்வெட்டர் போதும். உள்ளூர்க்காரர்கள் இதற்கே குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு வருவார்கள், பதற வேண்டாம்.

காலை 6:15, மல்லிக் காட்

மெட்ரோ ஏழு மணி அளவில்தான் ஓடத் தொடங்கும் என்பதால் பூச்சந்தைக்கு டாக்சியோ பஸ்ஸோதான். 'ஹவுரா பாலம்' என்று சொன்னால் ஓட்டுநர் பாலத்தைத் தாண்டி ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். 'மல்லிக் காட் ஃபூல் பஜார்' என்று சொல்லி, பாலம் ஏறும் முன், கொல்கத்தா பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள். பாலத்தின் தென்பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு படிக்கட்டு நேராகச் சந்தைக்குள் இறங்குகிறது. கீழே போகுமுன் மேலிருந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குள் போய்விட்டால் சந்தையின் அளவு தெரியாது.

ஆரஞ்சு, மஞ்சள் என்று இரண்டு நிறத்தில் துலுக்கச் சாமந்தி மாலைகள் சுருள் சுருளாக மனிதர் தலையில் நகரும். பத்தடி தள்ளி, காளிக்கான செம்பருத்தி மொட்டு மாலைகள். விரியாத மொட்டாக இருந்தால்தான் அவற்றுக்கு விலை. சம்பங்கியை ரஜனிகந்தா என்கிறார்கள், கட்டுக்கட்டாகத் தண்டோடு நிற்கும். சிவனுக்கு எருக்க மாலை, அருகிலேயே வில்வம், துளசி. நம் ஊர்ப் பூக்கடை பழகிய கண்ணுக்கு ஒன்று சட்டென்று தெரியும்: இங்கே நாரில் முடிச்சுப் போட்டுத் தொடுக்கும் வேலை அநேகமாக இல்லை. சாமந்தியின் அடிப்பக்கத்தில் ஊசி ஏற்றி நூலில் கோத்துக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் மாலை உருண்டையாகக் கயிறு போல வருகிறது, வேலையும் சடசடவென்று முடிகிறது. தலையில் சூடும் மல்லிகைச் சரத்தைத் தேடி வந்தால் ஏமாற்றம்தான்.

தரை முழுக்க ஈரம், வாழையிலைச் சருகு, மிதிபட்ட பூ. ரப்பர் செருப்பு வழுக்கும், ஷூ நல்லது. தலைச்சுமைக்காரர்கள் நின்று வழிவிடமாட்டார்கள். அவர்களால் நிற்க முடியாது, சுமை அப்படி. குரல் கேட்டதும் ஓரத்துக்கு ஒதுங்குங்கள், படம் எடுக்க நடுப்பாதையில் நிற்காதீர்கள். சந்தையைக் கடந்தால் ஆற்றுப் படித்துறை. ஏழு மணிக்கு வெயில் பாலத்துக்குக் கீழே சாய்வாக வந்து விழும் நேரம், அங்கே ஒரு மண் கோப்பைத் தேநீரோடு உட்காரலாம். அந்தக் கோப்பையை பாட் என்கிறார்கள். விளிம்பில் பிடிக்க வேண்டும், நடுவில் பிடித்தால் விரல் சுடும். சின்னக் கோப்பை, நாலு மிடறுதான். குடித்ததும் குப்பைக்கூடையில் போட்டுவிடலாம்.

பாலத்தின் மேல் நடை

மேலே ஏறி ஹவுரா பக்கம் நடக்க வேண்டும். 705 மீட்டர், நின்று நின்று போனாலும் கால் மணிதான். 1943 பிப்ரவரியில் திறந்த இந்தப் பாலத்தில் ஏறத்தாழ 26,500 டன் எஃகு இருக்கிறது, அதில் 23,000 டன் டாடா எஃகு. நட்டும் போல்ட்டும் கிடையாது, எல்லாம் தறை அடித்து இணைத்தது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை என்பதை நடந்தால்தான் உணர முடியும்: இரு கரையிலும் இரண்டு கோபுரங்கள், அவற்றிலிருந்து இரண்டு கைகள் நீண்டு நடுவில் ஒரு துண்டைத் தாங்குகின்றன. இதற்கு முன் இங்கே இருந்தது 1874-இன் மிதவைப் பாலம். கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதியைக் கழற்றி வழிவிட வேண்டும், அதுவரை வண்டிகள் காத்துக் கிடக்கும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் தூணில்லாத பாலம். 1965-இல் ரவீந்திர சேது என்று பெயர் மாற்றினார்கள். பஸ் நடத்துநர் இன்றும் 'ஹாவ்ரா, ஹாவ்ரா' என்றுதான் கூவுகிறார்.

நடைபாதையை ஒட்டி இறங்கும் செங்குத்துத் தொங்குகம்பிகளின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். அவற்றைச் சுற்றிக் கண்ணாடியிழை உறை போட்டிருப்பார்கள். காரணம் வெற்றிலை எச்சில்தான். பாதசாரிகள் துப்பித் துப்பி, அதிலுள்ள சுண்ணாம்பும் பாக்கும் சேர்ந்து, 6 மில்லிமீட்டர் இரும்புக் கவசம் சில ஆண்டுகளில் பாதியாக அரித்துப்போனது. போர்க்காலக் குண்டுவீச்சைத் தாண்டி நின்ற பாலத்துக்கு வந்த சோதனை!

பாலத்தின் மேல் நின்று கேமராவும் முக்காலியுமாகப் படம் எடுத்தால் காவலர் வந்து தடுக்கக்கூடும். முழுப் பாலமும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் படகில் ஏறுங்கள், அடுத்த வேலை அதுதான்.

ஹவுராவிலிருந்து பாக்பஜார், படகில்

ஹவுரா ஸ்டேஷனுக்கு நேர் எதிரே படகுத்துறை. பல திசைக்குப் போகும் படகுகள் பக்கத்துப் பக்கத்து மேடைகளிலிருந்து புறப்படும், பலகை வங்காளியில்தான் பெரிதாக இருக்கும். சீட்டு கவுன்ட்டரில் ஊர்ப்பெயரைச் சொல்லி வாங்கி, 'எந்த ஜெட்டி' என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது வடக்கே போகும் ஷோபாபஜார் அல்லது பாக்பஜார். கட்டணம் பத்து ரூபாய் அளவில், சில்லறையாகக் கொடுங்கள். அலுவலக நேரம் தொடங்கிய பிறகுதான் அடிக்கடி படகு வரும், அதனால் எட்டு மணிக்கு முன் அவசரப்பட்டுப் பயனில்லை.

இது கடலின் ஏற்ற இறக்கம் எட்டும் ஆறு. வற்றிய நேரத்தில் மிதவைக்கு இறங்கும் பாதை செங்குத்தாகச் சாயும், வயதானவர்கள் கைப்பிடியை விடக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் பெரிய ஓதம் மதில் போல ஆற்றில் ஏறி வரும், அப்போது படகுகளை நிறுத்திவைப்பார்கள். துறையில் கூட்டம் அசையாமல் நின்றால் அதுதான் காரணமாக இருக்கும், அரை மணி பொறுத்தால் சரியாகிவிடும்.

படகின் இடப்பக்கமும் வலப்பக்கமும் எல்லோரும் பாய்வார்கள். பாலத்தின் அடியில் கடக்கும்போது நடுவில் நின்று நேர் மேலே பாருங்கள். பிறகு வலப்பக்கம், கொல்கத்தா கரைக்கு வந்துவிடுங்கள். பழைய கிடங்குகள், ஆலமரம் முளைத்த சுவர்கள், குளிக்கும் படித்துறைகள் என்று வரிசையாக வரும்.

இறங்கியதும் ஒன்று கவனம்: கரையை ஒட்டிச் சர்க்குலர் ரயிலின், அதாவது நகரைச் சுற்றிவரும் ரயிலின், தண்டவாளம் ஓடுகிறது. ரயில் அபூர்வமாகத்தான் வரும், அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. இரு பக்கமும் பார்த்துக் கடந்து, பாக்பஜாரில் இறங்கியவர்கள் தெற்கே, ஷோபாபஜாரில் இறங்கியவர்கள் வடக்கே, பத்து நிமிடம் நடந்தால் குமார்டுலி, சாமி சிலை செய்யும் குயவர்களின் பகுதி.

குமார்டுலி, டிசம்பரில்

துர்கா பூஜை முடிந்துவிட்டதே, அங்கே என்ன இருக்கப்போகிறது என்று பயண வழிகாட்டிகள் டிசம்பரில் இந்த இடத்தை ஒதுக்கிவிடுகின்றன. உண்மையில் வேலை நடக்கும் விதத்தைப் பார்க்க இதுதான் நல்ல காலம். செப்டம்பரில் சந்துக்குள் நுழையவே முடியாது, குயவர்களுக்குப் பேச நேரமும் இருக்காது. டிசம்பரில் சரஸ்வதி. ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும் பூஜைக்கு வீட்டுக்கொரு சரஸ்வதி, பள்ளிக்கொரு சரஸ்வதி என்று சின்னச் சிலைகள் நூற்றுக்கணக்கில் வளரும். ஒரே சந்தில் வைக்கோல் எலும்புக்கூடும், சேறு பூசியதும், வெள்ளை அடித்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் முழு வேலையையும் ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம்.

பனமாலி சர்க்கார் தெரு வழியாக நுழையுங்கள். முதலில் மரச்சட்டமும் மூங்கிலும். அதன்மேல் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கி இடுப்பு, தோள், தொடை என்று உருவம் கட்டுகிறார்கள். இந்த நிலையிலேயே சிலையின் நிற்கும் தோரணை முடிவாகிவிடும், பிறகு மண்ணால் அதைத் திருத்த முடியாது. அடுத்து ஒட்டும் தன்மையுள்ள களிமண்ணில் உமி கலந்து முதல் பூச்சு. உமி இல்லாவிட்டால் காயும்போது மண் சுருங்கிப் பாளம் பாளமாக விட்டுவிடும். உமி இருந்தாலும் வெடிப்பு வரத்தான் செய்யும். அந்த வெடிப்பின் மேல் குழைசேற்றில் நனைத்த துணிக் கீற்றை ஒட்டி, அதற்கு மேல் மெல்லிய மண்ணில் இரண்டாம் பூச்சு. முகத்தை அச்சில் எடுத்துத் தனியாக ஒட்டுகிறார்கள். விரல்கள் ஒவ்வொன்றும் கையால் உருட்டியவை. ஒரு பலகை முழுக்கக் காயவைத்த விரல்கள் கிடப்பதைப் பார்க்கலாம், வலக்கை விரல் ஒருபுறம், இடக்கை விரல் ஒருபுறம். எல்லாம் காய்ந்ததும் வெள்ளைப் பூச்சு, அதன் பிறகு வண்ணம். வண்ணத்தைப் பிடித்துவைப்பது புளியங்கொட்டைப் பசை. தலைமுடி, சாயமேற்றிய சணல் நார். கண் கடைசியில்.

மழைக்காலத்தில் சிலை காயாது, அப்போது எரிவாயுத் தீக்குழலை உடம்பின்மேல் ஓட்டி உலர்த்துவார்கள். டிசம்பரில் அந்தத் தேவை இல்லை, வெயிலே பார்த்துக்கொள்கிறது.

தஞ்சாவூர்க்காரர்கள் பக்கத்துக் கடைகளையும் எட்டிப்பார்க்க வேண்டும். சிலைகளின் கிரீடமும் நகையும் வெள்ளை வெளேரென்று ஷோலாவில் செய்தவை. நீர்நிலையில் வளரும் நெட்டித் தண்டின் உட்சதைதான் ஷோலா, தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு எடுக்கும் அதே செடி. இங்கே அதைக் கத்தியால் சுருளாகச் சீவி, காகிதம் போல விரித்து, பூவாக மடிக்கிறார்கள். சின்ன நகைத் துண்டுகளை விலைக்கு வாங்கலாம், எடையே இருக்காது. ஆனால் பெட்டியில் நசுங்கினால் அவ்வளவுதான், கடினமான டப்பா ஒன்று வேண்டும்.

படம் எடுக்குமுன் கேளுங்கள். 'தாதா, சோபி?' என்றாலே போதும், தலையாட்டினால் எடுக்கலாம். சில பட்டறைகளில் பெரிய கேமராவுக்குப் பணம் கேட்பார்கள். சிலைகளுக்கு இடையில் முதுகுப்பை போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். ஈர விரல் ஒன்று உடைந்தால் அது ஒருவரின் அரை நாள் உழைப்பு.

ஒன்பதரை, கச்சூரி

குமார்டுலியிலிருந்து ஷோபாபஜார் சுதானுடி மெட்ரோவுக்கு நடக்கும் வழியில் காலை உணவு. மிட்டாய்க் கடைகளிலேயே காலையில் கச்சூரி கிடைக்கும், பத்து மணிக்கு மேல் பல கடைகளில் தீர்ந்துவிடும். குளிர்காலத்தில் கேட்க வேண்டியது கொராய்ஷூட்டிர் கச்சூரி, பச்சைப் பட்டாணி அரைத்து உள்ளே வைத்தது. மற்ற மாதங்களில் கிடைக்காது. தொட்டுக்கொள்ளத் தோலோடு வெட்டிய உருளைக்கிழங்குக் கறி. நம் பூரி மசாலை எதிர்பார்த்துப் போனால் இனிப்பு தட்டும், இங்கே குழம்பில் ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்ப்பது வழக்கம்.

அதோடு நொலென் குட் சந்தேஷ். இந்தப் புது வெல்லம் ஈச்சமரச் சாற்றில் காய்ச்சியது, பனைவெல்லம் என்று நினைத்துவிடாதீர்கள். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் பருவம். சந்தேஷில் இரண்டு பதம் உண்டு: நரம் பாக் மென்மையானது, அன்றே சாப்பிட வேண்டும். கடா பாக் இறுகியது, ஊருக்குக் கொண்டுபோக அதைத்தான் வாங்க வேண்டும். ஜல்பரா என்று ஒன்று தருவார்கள், உள்ளே வெல்லப் பாகு இருக்கும். பாதி கடித்தால் சட்டையில் வடியும், முழுசாக வாயில் போடுங்கள்.

காலேஜ் ஸ்ட்ரீட்

ஷோபாபஜாரிலிருந்து நீலத் தடத்தில் இரண்டாவது நிறுத்தம் மகாத்மா காந்தி ரோடு. 1984 அக்டோபர் 24-இல் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியது, நகர மையமான எஸ்பிளனேடுக்குத் தெற்கே. இந்தப் பகுதிக்கு அது வர மேலும் பத்தாண்டு ஆனது. நிலையத்திலிருந்து கிழக்கே பத்து நிமிட நடை. நடைபாதை முழுக்கக் கடைகள், சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டிவரும். கைவண்டி ரிக்‌ஷாவுக்கும் மூட்டை வண்டிக்கும் நடுவே பொறுமையாகப் போங்கள்.

பழைய புத்தகக் கடைகளில் மூன்றில் இரண்டு பங்கு பாடநூல், போட்டித் தேர்வு நூல்தான். அலசும் பொறுமை இருந்தால் ஆங்கில நூல்கள் நல்ல விலைக்கு வரும். அட்டை பளபளப்பாகவும் தாள் சாம்பல் நிறத்திலும் இருந்தால் திருட்டுப் பதிப்பு. வாங்குமுன் நடுப்பக்கங்களைப் புரட்டி பக்கக் கட்டு (ஃபாரம்) ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

காபி ஹவுஸ் முதல் மாடியில், பிரெசிடென்சி பல்கலைக்கழகத்துக்கு எதிர்ச்சந்தில். 1876-இன் ஆல்பர்ட் ஹாலில் 1942-இல் காபி வாரியம் தொடங்கியது, பிற்பாடு ஊழியர்களின் கூட்டுறவு கைக்கு வந்தது. தலைப்பாகைக்கு விசிறி மடிப்பு வைத்த பரிமாறுபவர்கள், உயரத்திலிருந்து நீளத் தண்டில் தொங்கும் மின்விசிறிகள், எல்லா மேசையிலும் உரத்த விவாதம். இன்ஃப்யூஷன் என்று கேட்டால் கடும் காபி வரும். பால் காபி நீர்த்திருக்கும், டிகிரி காபி நாக்குக்கு அது சரிப்படாது. குளிர்காபி பரவாயில்லை. சுவைக்காக யாரும் இங்கே வருவதில்லை, ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். மாடத்து மேசை கிடைத்தால் விடாதீர்கள், கீழ்க்கூடம் முழுவதும் தெரியும்.

மதியச் சாப்பாடு

பக்கத்துப் பபானி தத்தா சந்தில் ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல். 1927-இல் தொடங்கியது, பிரெசிடென்சியில் படித்த சுபாஷ் சந்திர போஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கடை. இவற்றைப் பைஸ் ஹோட்டல் என்பார்கள். காசுக்கணக்கில் சாப்பாடு போட்ட காலத்துப் பெயர். இங்கே அளவுச் சாப்பாடு முறை இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனி விலை: சோறு, பருப்பு, பொரியல், மீன். இப்படிப்பட்ட கடைகளில் வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனிக்கணக்கு வைப்பதுண்டு. மேசையில் கொண்டுவந்து வைப்பதையெல்லாம் எடுத்துவிட்டுப் பிறகு பில்லைப் பார்த்து விழிக்க வேண்டாம்.

சாப்பிடும் வரிசையும் வேறு. முதலில் கசப்புச் சுவையுள்ள ஷுக்தோ, பிறகு பருப்பும் வறுவலும், பிறகு மீன், கடைசியில் இனிப்புச் சட்னி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் பரிமாறுபவர் ஒரு பார்வை பார்ப்பார். கடுகெண்ணெயின் காட்டம் முதல் கவளத்தில் மூக்கில் ஏறும். சைவர்களுக்கு ஆலு போஸ்தோ, அதாவது கசகசா அரைத்த உருளைக்கிழங்கு, நன்றாக இருக்கும். ஆனால் பருப்பிலேயே மீன் தலை போடும் வழக்கம் உண்டு, 'நிராமிஷ்' என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஹில்சா மீனுக்கு இது பருவமல்ல. பெட்கியோ (நம் கொடுவா மீன்) இறாலோ கேட்கலாம். ஒரு மணிக்கு முன் போனால் எல்லாம் இருக்கும்.

சாப்பிட்டு வெளியே வந்தால் டிராம் கம்பிகள் தலைக்கு மேல் தெரியும். குதிரை டிராம் ஓடியது 1873-இல், மின்சார டிராம் 1902-இல். 2024-இல் மாநில அரசு பாரம்பரியத் தடம் ஒன்றைத் தவிர மற்றதை நிறுத்துவதாக அறிவித்தது, விவகாரம் உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. எஸ்பிளனேடு போகும் வண்டி கண்ணில் பட்டால் ஏறிவிடுங்கள். அதற்காகக் காத்திருந்து நாளை வீணாக்க வேண்டாம். பஸ்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, இந்த ஊரில் பல ஒருவழிச் சாலைகள் பிற்பகலில் திசை மாறிவிடும். காலையில் பஸ் வந்த சாலையில் மாலையில் அது வராது. மெட்ரோதான் நிச்சயம்: மகாத்மா காந்தி ரோட்டிலிருந்து நான்காவது நிறுத்தம் பார்க் ஸ்ட்ரீட், வெளியே வந்தால் சில நிமிட நடையில் அருங்காட்சியகம்.

பாருத் கூடம்

இந்திய அருங்காட்சியகம் 1814-இல் தொடங்கியது, நாட்டிலேயே மூத்தது. உள்ளூரில் ஜாதுகர் என்பார்கள். எல்லாக் கூடமும் பார்க்க நினைத்தால் இரண்டு நாள் போதாது, கால்தான் வலிக்கும். இன்று ஒரே ஒரு கூடம், தரைத்தளத்தில் பாருத் கூடம். பெரிய பையை வாசலில் ஒப்படைக்கச் சொல்வார்கள், பணத்தையும் கைப்பேசியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாருத், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் சத்னாவுக்கு அருகே. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு பௌத்தத் தூபியின் கல்வேலியை 1873-இல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் கண்டார். ஊரார் கற்களைப் பெயர்த்து வீடு கட்டிக்கொண்டிருந்ததால் மிஞ்சியதைக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். சிவப்பு மணற்கல் தூண்களும் வாயிலும் கூடத்துக்குள் மறுபடி நிற்கின்றன. வட்டச் சிற்பங்களில் ஜேதவனக் காட்சியைத் தேடிப் பிடியுங்கள், புத்தருக்குக் கொடுக்க ஒரு வணிகர் தரையை மூடும் அளவு காசு கொடுத்துத் தோப்பு வாங்கிய கதை: மாட்டு வண்டியிலிருந்து காசு இறக்குகிறார்கள், இருவர் தோப்பின் தரை முழுக்கக் காசைப் பரப்புகிறார்கள். காசுகள் வட்டமாக இல்லை, சதுரம். அன்று புழங்கிய முத்திரைக் காசு அப்படித்தான் இருந்தது, சிற்பி தன் மடியில் இருந்ததைச் செதுக்கியிருக்கிறார். இங்கே எங்கும் புத்தர் மனித உருவில் இருக்கமாட்டார். மரம், சக்கரம், வெறும் ஆசனம், பாதச்சுவடு, அவ்வளவுதான்.

சிற்பங்களின் ஓரத்தில் பிராமி எழுத்தில் தலைப்பும் கொடையாளி பெயரும் பொறித்திருக்கும். மாங்குளம் தமிழ் பிராமிக் கல்வெட்டைப் பார்த்தவர்களுக்கு க, ம, த எல்லாம் சட்டென்று பிடிபடும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும் தூண்களில்தான் எழுத்து தெளிவாகத் தெரியும், நேர் எதிரே நின்றால் மங்கல். மூன்றேகாலுக்கு வெளியே வந்துவிடுங்கள்.

நாலு மணி, பிரின்செப் காட்

மைதானத்தைக் குறுக்கே கடந்து டாக்சியில் போவது எளிது. மஞ்சள் டாக்சிகள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகின்றன. அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றது, பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டி சாலைக்கு வரக் கூடாது. மாநில அரசின் யாத்ரி சாத்தி செயலியில் கூப்பிட்டால் வாடகைப் பேரம் மிச்சம்.

அருங்காட்சியகத்துக்கு அடுத்து இந்த இடம் வருவதற்குக் காரணம் உண்டு. கொல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப்தான் 1837 வாக்கில் பிராமியை வாசித்தவர். சாஞ்சித் தூண்களின் சின்னச் சின்னக் கல்வெட்டுகள் எல்லாம் ஒரே இரண்டு எழுத்தில் முடிவதைக் கவனித்து, அது 'தானம்' ஆக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்த முடிச்சிலிருந்து மற்ற எழுத்துகள் அவிழ்ந்தன. 1840-இல் நாற்பது வயதில் இறந்தார், பாருத் கற்களைப் பார்க்கவே இல்லை. அவர் நினைவாக நகரத்தார் கட்டிய வெள்ளைத் தூண் மண்டபம் இது. அப்போது படித்துறைக்கு வாயிலாக நின்றது. ஆற்றங்கரை விலகிப்போனதால் இன்று புல்வெளி நடுவே நிற்கிறது, ஆற்றுக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும்.

மண்டபத்துக்குப் பின்னால் வித்யாசாகர் சேது, 1992-இல் திறந்த கம்பிவடப் பாலம். காலையில் நடந்த ஹவுரா பாலத்திலும் இதிலும் இரு கோபுரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஏறத்தாழ ஒன்றே, 457 மீட்டர். ஐம்பது ஆண்டு இடைவெளியில் அதே அகலத்தை அங்கே இரும்பு மலையும் இங்கே கம்பி விசிறியும் தாண்டியிருக்கின்றன.

துடுப்புப் படகுக்கு ஏறுமுன் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: பணம் படகுக்கா ஆளுக்கா, எத்தனை நிமிடம், இறக்கிவிடுவது இதே துறையிலா. 4:20-க்கு ஏறினால் பொழுது சாய்வது ஆற்றின் நடுவில். படகு வேண்டாமென்றால் கரையோர நடைபாதையில் வடக்கே நடந்து பாபுகாட் வரலாம், இரண்டு கிலோமீட்டருக்குள். புச்கா வண்டிகள் வழியெங்கும். நம் பானிபூரி மாதிரிதான், உள்ளே மசித்த உருளையில் புளித்தண்ணீரின் காரம் கூடுதல், நின்றபடியே ஒன்றொன்றாகத் தருவார்கள். வயிறு லேசானவர்கள் தண்ணீர் இல்லாமல் கேட்டு வாங்கலாம்.

அறைக்குத் திரும்புதல்

பாபுகாட்டிலிருந்து ஹவுராவுக்குப் படகு. விளக்கேற்றிய பாலம் நேர் எதிரே வரும், முன்பக்க ஓரத்தில் இடம் பிடியுங்கள். ஹவுராவில் இறங்கி மெட்ரோ பச்சைத் தடத்துக்குள் நுழையுங்கள். நிலையம் தரைக்குக் கீழே ஏறத்தாழ 30 மீட்டர், நகரும் படிகள் ஒன்று மாற்றி ஒன்றாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஹவுரா ஸ்டேஷனுக்கு ரயில்கள் வந்துசேரும் நேரத்தில் பெட்டி, மூட்டையோடு கூட்டம் அம்மும், ஏழு மணிக்குள் வந்தால் நல்லது. எஸ்பிளனேடுக்கு 10 ரூபாய். 2024 மார்ச்சில் திறந்த இந்தச் சுரங்கத்தில் 520 மீட்டர் ஆற்றுக்கு அடியில், முக்கால் நிமிடப் பயணம். ஆற்றுப் பகுதியைக் காட்ட நீல விளக்கு வைத்திருக்கிறார்கள். கதவுக் கண்ணாடி பக்கம் நின்றால் தெரியும், உட்கார்ந்தால் தவறிவிடும்.

பார்க் ஸ்ட்ரீட் கிறிஸ்துமஸ் விளக்குகளைக் கேட்பவர்களுக்கு: டிசம்பர் மூன்றாம் வாரத்துக்கு மேல்தான் களைகட்டும். தோசையும் சாம்பாரும் நினைவுக்கு வந்துவிட்டவர்கள் நீலத் தடத்தில் தெற்கே காளிகாட் வரை போய் லேக் மார்க்கெட் பக்கம் நடக்கலாம், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. வாழையிலையும் வடிகாபித் தூளும் அங்கே கிடைக்கும்.

நாளை வடக்கே, தட்சிணேஸ்வரமும் பேலூர் மடமும். இரண்டும் நண்பகலை ஒட்டி நடை சாத்திவிட்டுப் பிற்பகலில்தான் திறக்கும், அதனால் காலை எட்டரைக்குள் தட்சிணேஸ்வரம் மெட்ரோவில் இறங்கியாக வேண்டும். கைப்பேசி, பை எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்வார்கள், குறைவாகக் கொண்டுவாருங்கள்.